பொருத்தனைச் சேவல்

கோழி வளர்க்கும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. பாளையங்கோட்டையில் நெருக்கமான ஒரு தெருவில் வீடு. பின்பக்கத்தில் துவைக்கிற கல், மோட்டார் அறை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மிச்சமெல்லாம் சிமெண்டுத் தரை. கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஓடினால் சாயங்காலம்தான் இருவரும் வீடு திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் கறிக்கடையில் நிற்பதைத் தவிர, கோழிக்கும் எங்களுக்கும் உறவு கிடையாது.

அப்படியிருந்தும் கூடு கட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு ஜெபம்.

போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்தது. பதினொரு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது. அன்று மாலை அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள். வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு என்று சொல்ல நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், செருப்பைப் பார்ப்பேன். செருப்பு வேகமாக வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். இன்றைக்கும் ரப்பர் செருப்பு தரையில் இழுபடும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பொருத்தனை பண்ணினேன். பிள்ளை பிழைத்தால் இன்னது செய்கிறேன் என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொள்வதை எங்கள் சபையில் பொருத்தனை என்போம். பணம் சொல்வார்கள், ஆலயத்துக்கு மின்விசிறி சொல்வார்கள், அன்னதானம் சொல்வார்கள். நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என் அம்மாவின் வாக்கியம். எங்களுக்குக் காது வலித்தாலும் பரீட்சை வந்தாலும் அவள் அதையேதான் சொல்வாள்: "எங்க வீட்டுல பொரிச்சு வளந்த முதல் சேவல அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டாந்து படைக்கேன், ஆண்டவரே."

ஆண்டுக்கொருமுறை விளைச்சலில் முதற்பங்கை ஆலயத்தில் படைக்கிற நாள் அது. அம்மாவுக்குத் தோட்டம் நிறையக் கோழி. சொன்னால் செய்துவிடலாம். என் வீட்டில் ஓர் இறகுகூடக் கிடையாது.

மகள் பிழைத்து வந்தாள். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக. அவள் தூங்கும்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தையில் நல்ல சேவலாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றார். பொரித்து வளர்ந்தது என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். யாரோ ஒருவர் வீட்டில் பொரித்து வளர்ந்ததுதானே அதுவும் என்றார். எங்கள் வீட்டில் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன்.

குருவானவரிடமும் போய்க் கேட்டோம். அவர் சிரித்தார். ஆண்டவர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர் இல்லை, உங்களால் முடிந்ததைக் காணிக்கையாகக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர், சொன்னது சரியான போதனைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான். வாங்கும்போது ஒரு பேச்சு, கொடுக்கும்போது ஒரு பேச்சு என்று என்னால் இருக்க முடியாது. சொன்னபடி செய்யாவிட்டால் அடுத்த மழைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது. இப்படி நினைப்பது விசுவாசம் இல்லை, அவிசுவாசம் என்றுகூட எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணாச்சி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேச்சு மதிலைத் தாண்டி அவருக்குப் போய்விடும். அவருடைய யோசனையும் அதே வழியாக வந்துவிடும். அவர் வீட்டுக்காரர்களும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் என்பதால், வேண்டுதல் விஷயத்தில் தனக்கு அனுபவம் அதிகம் என்பது அவர் எண்ணம்.

"தங்கச்சி, நாங்கள்லாம் வேண்டுனா எங்களால ஆவுறத வேண்டுவோம்," என்றார். "நீங்க என்னன்னா முட்டையில இருந்து ஆரம்பிக்கிய."

கணவர் வரைபடத் தாளில் கூடு வரைந்தார். ஒரு கோழிக்கு எவ்வளவு இடம், எத்தனை கோழி, நீள அகலம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரியே போட்டு, அடியில் கோடு இழுத்து விடை எழுதினார். செல்லரித்துப்போன ஒரு மர அலமாரி மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதன் மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது. அதை அறுத்து எடுத்து, நான்கு சிமெண்டுக் கல்லின் மேல் தூக்கி வைத்தோம். உள்ளே இரவில் கோழி உட்கார ஒரு வேப்பங்கம்பு, அடியில் உமி. முட்டை எடுக்கப் பக்கவாட்டில் சின்னக் கதவு. அது அலமாரியில் ஏற்கெனவே இருந்த இழுப்பறையின் இடம். அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கணவர் ரொம்ப நேரம் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

கூட்டுக்கு முன்னால் கோழிகள் உலாவக் கம்பி வலை அடைப்பு. அதற்காக முருங்கையின் அடியைச் சுற்றி சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்தோம். வலையை எவ்வளவு நெருக்கமாக வாங்குவது என்பதில் எனக்கும் அவருக்கும் தகராறு. கீரி வரும், பூனை வரும், சாரைப் பாம்பு வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, விரல் நுழையாத வலையாக வாங்க வைத்தேன். மேலேயும் வலை வேண்டும், காக்கா இருக்கிறது என்றேன். வலையின் அடியை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றேன். மதிலுக்கு மேலே அண்ணாச்சியின் தலை தெரிந்தது.

"வாத்தியாரே, இது கோழிக்கா இல்ல பாளையங்கோட்டை ஜெயிலுக்கு எக்ஸ்ட்ரா பிளாக்கா?"

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அடைப்பின் உயரத்தைக் கோழிக்குக் கணக்குப் போட்ட கணவர், கூட்டிப் பெருக்க உள்ளே போகிற மனிதருக்குப் போடவில்லை. மேலேயும் வலை. கதவு என் இடுப்புக்கு வந்தது. கணவர் மண்டியிட்டு உள்ளே நுழைந்து பார்த்தார். போனவருக்குத் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வந்தார். சட்டை முதுகில் கிழிந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசமாக இருந்தது.

தாராளமாக உள்ளே போய்த் திரும்பி வரக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தண்ணீர்ச் செம்பைக்கூட நான் தூக்க விடாத பிள்ளை. அவள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து குந்திக்கொண்டு, "எனக்குச் சரியா இருக்கு," என்றாள். விளக்குமாறு, உமி மாற்றுவது, கூட்டைக் கழுவுவது எல்லாம் அன்றைக்கே அவளிடம் போய்விட்டது. நான் வலைக்கு வெளியே நின்றுகொண்டு, மூக்கைத் துணியால் கட்டு, கையைக் கண்ணில் வைக்காதே, போதும் வெளியே வா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தால் நான்தான் உள்ளே இருப்பது போல இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

தண்ணீர் மட்டும் என் பொறுப்பு. அதை யாரிடமும் விடவில்லை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். காலையும் மாலையும் மண் தொட்டியைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, காயவைத்து, வேறு தொட்டியில் ஊற்றினேன். எங்கள் கோழிகள் குடித்த தண்ணீர் போல நாங்களே குடித்ததில்லை.

கணவரின் அத்தை மகன் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஓர் அடைக்கோழியையும் முட்டைகளையும் கொண்டு வந்தார். கோழி ஓலைப் பெட்டியில் மேலே துணி கட்டி வந்தது. முட்டைகள் இன்னொரு பெட்டியில் உமிக்குள் புதைந்து வந்தன. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன பலகாரமா என்று கேட்டதற்கு, இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று பதில் சொன்னாராம்.

அந்த மூன்று வாரமும் கோழி எங்களை எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தது. பொரித்த அன்று முதலில் கேட்டது மகள்தான். முட்டையைக் காதோடு வைத்து, "உள்ள பேசுது," என்றாள். நானும் வைத்துக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். கோழியை முன்னிட்டு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

விரல் நுழையாத வலையையும் மீறி இரண்டு குஞ்சுகள் போயின. ஒன்று தானாகச் செத்தது. ஒன்று, தாய்க்கோழியோடு சேர்த்து வெளியே விட்டபோது காக்கா எடுத்தது. மிச்சம் ஐந்து. அதன் பிறகு எனக்கு ஒரே வேலை. தினமும் அலுவலகம் விட்டு வந்ததும், பையைக்கூட வைக்காமல், குஞ்சுகளின் தலையைப் பார்ப்பேன், எதற்குக் கொண்டை சிவக்கிறது என்று. நான்கு பெட்டை என்று தெரிந்தது. ஐந்தாவது ரொம்ப நாள் முடிவு சொல்லவில்லை. ஒருநாள் காலையில் தொண்டை கட்டியவன் இருமுவது போல ஒரு சத்தம் போட்டது. கணவர் பல் தேய்த்த வாயோடு ஓடி வந்து, "சேவல்," என்றார். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கேதான் எனக்கு அடுத்த பயம் ஆரம்பித்தது. சேவல் கிடைத்துவிட்டது. ஆனால் பண்டிகையில் படைத்த கோழியை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அது குழம்பாகும். காலையும் மாலையும் அந்தச் சேவலைக் கையில் ஏந்திக்கொண்டு கம்பும் நொய்யும் ஊட்டுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? உனக்காகத்தான் இதைக் கொடுக்கிறோம் என்று சொன்னால் அந்தப் பாரத்தை அவள் எங்கே வைப்பாள்? சொல்லாமல் எடுத்துப் போனால் என்னை மன்னிப்பாளா? இந்தப் பேச்சு வந்தால் நானும் கணவரும் அடுப்படிக்குப் போய் மிக்சியைப் போட்டுவிட்டுப் பேசுவோம். அரைக்க ஒன்றுமில்லாத நேரத்திலும் எங்கள் வீட்டில் மிக்சி ஓடியது.

பெட்டைக் கோழிகளுக்கெல்லாம் அவள் தன் பள்ளி டீச்சர்களின் பெயரை வைத்திருந்தாள். அந்தப் பெயர்களை இங்கே எழுத முடியாது. ஆனால் ஹிந்தி டீச்சரின் நடையை அப்படியே அந்தக் கோழியிடம் பார்த்திருக்கிறேன். சேவலுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சேவல் வளர்ந்தது. சிவப்பும் கறுப்புமாக, வால் வளைந்து, கழுத்தில் வெயில் பட்டால் தாமிரம் போல மின்னும். அதற்கு அண்ணாச்சியின் உள்பனியன் மேல் தீராத கோபம். கொடியில் அது ஆடினால் வலைக்குள்ளிருந்தே பாயும். எனக்கோ அதன் உடம்பைப் பற்றிய கவலை. சேவலுக்கு ஒன்று வந்தால் பொருத்தனை போய்விடும், பொருத்தனை போனால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று இரண்டும் என் மனதில் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தன. வெள்ளைக் கழிச்சல் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கணவரைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் அனுப்பி ஊசி போட வைத்தேன். அவர் சேவலைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போக, வழியில் அவருடைய மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த வாரம் வகுப்பில் அவர் திரும்பிக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் யாரோ கூவினார்களாம்.

பண்டிகைக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஒரு காலையில் சேவல் மூலையில் இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றது. அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். உள்ளே நுழைய முடியாத அடைப்புக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு சேவலையே பார்த்தேன். பள்ளிச் சீருடையோடு மகள் வந்தாள். உள்ளே போய்ச் சேவலைத் தூக்கி, அதன் தொண்டைக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

"நேத்து கரையான் ரொம்பத் தின்னுட்டு. அவ்வளவுதான். நீ ஆபீஸ் போம்மா." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பண்டிக வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிடுதேன்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கூட்டுக்குக் கல்லு வச்ச அன்னைக்கே மாமா சொல்லிட்டாங்க," என்று மதிலைக் காட்டினாள். அண்ணாச்சியை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க ரெண்டு பேரும் சொல்லுவியன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். மிக்சியத்தான் போடுதிய."

வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். சேவலின் வாலைச் சரி செய்துகொண்டே யோசித்தாள். வருத்தம்தான் என்றாள். அதனால்தான் பெயர் வைக்கவில்லை என்றாள். பிறகு, "எனக்காக நேந்ததுன்னா நான்தான கொண்டு போணும்? நீங்க யாரும் தூக்கக் கூடாது," என்று நிபந்தனை போட்டுவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அறுப்பின் பண்டிகை அன்று ஆலய வளாகத்தில் பந்தல். வாழைத்தார், பூசணி, இளநீர், முட்டைத் தட்டு, கேக், இரண்டு ஆட்டுக்கிடா என்று மேசையும் தரையும் நிறைந்திருந்தன. ஆராதனையில் காணிக்கை படைக்கிற நேரம் வந்தபோது மகள் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்து போனாள். அதன் காலைக் கட்டவில்லை. கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாட்டின் நடுவில் சேவல் கூவியது. பாடகர் குழுவில் சிரிப்பை அடக்கியதில் ஒரு வரி காணாமல் போயிற்று. பலிபீடப் படியில் குருவானவர் சேவலின் தலையையும் அவள் தலையையும் சேர்த்தே தொட்டார். கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொருத்தனை முடிந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

ஏலம் வெளியே நடந்தது. எங்கள் ஊர்ப் பண்டிகை ஏலத்துக்கு எல்லாரும் வருவார்கள். அண்ணாச்சியும் வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். ஒருவர் எடுத்த பூசணியை அவரே திரும்பக் காணிக்கையாகக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்து, மூன்று குடும்பங்கள் சுற்றி வந்தது. மைக் பிடித்தவர் சபையின் கமிட்டி உறுப்பினர், நல்ல வாய். சேவலின் முறை வந்ததும் மகளையே மேசை மேல் ஏறி நிற்கச் சொன்னார்.

"பிள்ளையே வளத்த சேவல். நாட்டுச் சேவல். பாருங்க, நெல்லையப்பர் கோயில் யானை மாதிரி நிக்கு."

"யானைக்கு ஊசி போட்டிருக்கு," என்று மகள் மைக்குக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். கூட்டம் சிரித்தது. ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்கக்கூடக் குரல் வராமல் கிடந்த பிள்ளை.

கேட்கத் தொடங்கினார்கள். புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு குடும்பத்து மாமனார் விடாமல் கேட்டார். விருந்துக்குத்தான் என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு தரம் என்றார் மைக்காரர். ரெண்டு தரம் என்றார்.

என் கை மேலே போனது. நான் தூக்கவில்லை என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

"எம்மா, ஒங்க சேவல நீங்களே கேக்கியளா?" என்றார் மைக்காரர். கேட்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏற்றினார். நானும் ஏற்றினேன். கணவர் என் பக்கம் சாய்ந்து, என்ன செய்யுத என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை மாதம் அந்தச் சேவல் நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு காலையும் போய்ப் பார்த்தவள் நான். அது போய்விட்டால் நாளைக் காலையில் எதைப் போய்ப் பார்ப்பேன்? மாமனார் மறுபடி ஏற்றினார். நான் மறுபடி கையைத் தூக்கினேன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

மகள் மேசை மேலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வலைக்கு வெளியே நிற்கும்போது உள்ளேயிருந்து என்னைப் பார்க்கிற அதே பார்வை.

"எம்மா," என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது. "கைய இறக்கு. நாந்தான் குடுத்தாச்சுல்லா."

கையை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் தோள் வலிப்பது தெரிந்தது. எவ்வளவு நேரம் அதைத் தூக்கியே வைத்திருந்தேனோ. மூன்று தரம் என்று மேசையைத் தட்டினார் மைக்காரர்.

மகள் இறங்கி வந்து சேவலை மாமனார் கையில் கொடுத்தாள். "பையப் பையத் தூக்குங்க, றெக்கைய முறுக்காதீங்க," என்று சொல்லி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியும் கொடுத்தாள். அதன் பிறகு ஒருமுறை கழுத்தைத் தடவினாள். அவ்வளவுதான். தூரத்தில் நின்ற எனக்கு அவள் கண் கலங்கியதா என்று தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கவும் இல்லை.

என்னிடம் வந்தபோது கையெல்லாம் இறகுத் தூசி. "மாமா ஒன்னய மெச்சுதாங்க," என்றாள். "தங்கச்சி வேணும்னேதான் கேட்டு வெலைய ஏத்திவிட்டான்னு அங்கன எல்லாருட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

அங்கே அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஒன்றும் மறுக்கவில்லை.

அசன விருந்துக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணந்தது. கையைக் கழுவினாயா, சோப்புப் போட்டாயா, என் பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரப் போவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். போ என்றேன். அதற்குள் அவள் பந்தியின் கடைசியில் இடம் பிடித்து, ஈரக்கையை உதறிக்கொண்டே, பக்கத்துப் பிள்ளையின் இலையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.